‘சரி, வாரேன்’ — இது ஒப்பந்தமா?

1978 ஆகஸ்ட் 4, வெள்ளி

இன்று எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன். பாகீரதி அம்மா என்னிடம் பேசினார்!

சொத்துச் சட்ட வகுப்பை விட்டுவிட்டு ஜில்லா கோர்ட்டுக்குப் போயிருந்தேன். (அப்பாவுக்குத் தெரியக் கூடாது.) ஒரு பாகப்பிரிவினை வழக்கு. எதிர்த்தரப்பு வக்கீல் பேசப் பேச பார்வையாளர் பெஞ்சில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். பிறகு வக்கீல் பாகீரதி அம்மா எழுந்தார். கவுனைத் தோளில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, “கனம் கோர்ட்டார் அவர்களே” என்றார். அவ்வளவுதான், எனக்குக் கையில் முடியெல்லாம் நின்றுவிட்டது. தூங்கினவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மதுரையில் கவுன் போட்ட பெண்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் இவர் ஒருவர் போதும்.

முடிந்து வெளியே வரும்போது நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். நேராக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “வழி விடும்மா.”

விட்டேன். இன்னும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா பழைய பாட்டையே பாடினார். போன பரீட்சையில் நான் எல்லாவற்றிலும் பாஸ், ஒப்பந்தச் சட்டத்தில் மட்டும் முப்பத்தொன்று. நாற்பது வேண்டும். அக்டோபரில் மறுபடி எழுத வேண்டும்.

“இந்தத் தடவையும் விழுந்தா கோர்ட்டு, கவுனு எல்லாத்தையும் மறந்துரு. எங்க ஆபீஸ்ல டைப்பிஸ்ட் வேலை காலியாகுது. பேசாம வந்து உக்காரு.”

அப்பா தனிஸ்லாஸ், மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை கிளார்க். அவருக்கு அந்த ஆபீஸ்தான் பூலோக சொர்க்கம். நான் டைப்பிங் ஹையர் பாஸ் பண்ணினது என் தலையெழுத்து.

ஆகஸ்ட் 7

ரோமில் பாப்பரசர் இறந்துவிட்டார். செய்தியைத் தவிர ரேடியோவில் எதுவும் கேட்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். நல்லதாகப் போயிற்று. ஒப்பந்தச் சட்டப் புத்தகத்தை நாலாவது தடவை முழுக்கப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். சிவப்பு மையில் கோடு, முக்கியமானதுக்கு இரட்டைக் கோடு. பி.ஏ.வையே தபாலில் படித்து முடித்தவள் நான். வாத்தியார் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. இதையும் பார்த்துவிடலாம்.

ஆகஸ்ட் 11

அவமானம். ஆனால் சிரிப்பாகவும் இருக்கிறது.

விருமாண்டி அண்ணன் திருமங்கலத்திலிருந்து வரும் பஸ்ஸில் ஏறி வருவார், நான் பழங்காநத்தத்தில் ஏறுவேன். அவரும் என் வகுப்பு, அவரும் ஒப்பந்தச் சட்டத்தில் அவுட். இன்றைக்கு வறுத்த கடலைப் பொட்டலத்தை நீட்டினார்.

“கடலை வேணுமா தாயி? — ஏ, இங்க பாரு! நம்ம பேப்பரு!”

பொட்டலம் கட்டின காகிதம் ஒப்பந்தச் சட்டக் கேள்வித்தாள்! எந்த வருஷமோ, பாதி கிழிந்திருந்தது. கடலையை மடியில் கொட்டிக்கொண்டு வாசித்தார்: “தபாலில் அனுப்பும் சம்மதம், அதாவது ஏற்பு, எப்போது முழுமை அடைகிறது? சொல்லு பாப்போம்.”

எனக்குத் தெரியும். நிச்சயமாகத் தெரியும். “அது... வலது பக்கம், மேல, இரட்டைக் கோடு போட்டு வச்சிருக்கேன்ணே.”

“கோடு எங்க இருக்குன்னா கேட்டேன்?”

நாலு தடவை படித்தவள்! கண்ணை மூடினால் பக்கம் தெரிகிறது, சிவப்பு மை தெரிகிறது, எழுத்து மட்டும் தெரியவில்லை. அவரைத் திருப்பிக் கேட்டேன். அவரும் பேந்தப் பேந்த முழித்தார். கண்டக்டர் வந்து, “ரெண்டு பேரும் டிக்கெட்டு எடுக்குறீகளா, பரீட்சை எழுதுறீகளா?” என்றார்.

இறங்கும்போது அண்ணன் சொன்னார்: “நாம படிக்கவே இல்ல தாயி. புஸ்தகத்த வேடிக்கை பாத்திருக்கோம்.”

ஆகஸ்ட் 13, ஞாயிறு

பூசை முடிந்து அப்படியே புதுமண்டபத்துக்குப் போனேன். பழைய புத்தகக் கடைகளில் ஒவ்வொன்றாய்த் துழாவி, அண்ணனும் நானும் ஒப்பந்தச் சட்டக் கேள்வித்தாள் ஒரு கத்தை தேற்றிவிட்டோம். இனிமேல் படிப்பதில்லை, எழுதுவதுதான். சனிக்கிழமை தோறும், மூன்று மணி நேரம், புத்தகம் இல்லாமல், நிஜப் பரீட்சை மாதிரியே. திருத்த ஸ்யாமளா ஒத்துக்கொண்டாள். வகுப்பில் முதல் மார்க் அவளுக்குத்தான். கான்வென்ட் இங்கிலீஷ். நான் மனசுக்குள் தமிழில் நினைத்து இங்கிலீஷில் பிரசவிக்கிறவள். நாங்கள் எழுதுவதைத் திருத்த அவளைவிட ஆள் கிடையாது.

எங்கே உட்கார்ந்து எழுதுவது? வீட்டில் அம்மாவும் தம்பிமார் மூன்று பேரும். ஒரு வழிதான் இருக்கிறது. சொர்க்கவாசல் சாவி அப்பாவிடம்.

ஆகஸ்ட் 16

அப்பாவிடம் ஒரு வகுப்பறை கேட்டேன்.

“யாரு சூப்பர்வைசர்?”

“யாரும் இல்லப்பா. நாங்களே...”

“சூப்பர்வைசர் இல்லாம என்ன பரீட்சை? சந்தைக்கடையா?” அப்பாவுக்கு முகமே சிவந்துவிட்டது. “நானே வாரேன்.”

என்னைப் பரீட்சையில் விழவைத்து ஆபீஸில் உட்கார வைக்க ஆசைப்படுகிறவரே என் பரீட்சைக்கு மேற்பார்வை!

ஆகஸ்ட் 19, சனி

முதல் பரீட்சை. அப்பா வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்திருந்தார். கையில் பித்தளை மணி.

“தம்பி, மேல் பாக்கெட்ல என்ன?”

“முறுக்கு சார்,” என்றார் விருமாண்டி அண்ணன்.

“வெளிய வைங்க.”

வாசலில் வைத்துவிட்டு வந்தார். முறுக்கை எப்படிக் காப்பி அடிப்பதென்று எனக்குப் புரியவில்லை, கேட்கவும் முடியவில்லை. மணி அடித்தது.

நான் பிரமாதமாக எழுதினேன்! வயது குறைந்த பையன் பொய் சொல்லிக் கடனுக்கு சைக்கிள் வாங்குகிறான், கடைக்காரர் வழக்குப் போடுகிறார், பையன் பொறுப்பாவானா? — இதுதான் முதல் கேள்வி. அந்தப் பையனுக்காக உருகி உருகி வாதாடினேன். பாகீரதி அம்மா எழுந்து நின்றால் எப்படிப் பேசுவாரோ அப்படி. நிமிர்ந்து பார்த்தால் நேரம் பாதி போய்விட்டது. மூன்றாவது கேள்வியில் பேனா ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்பா பேப்பரைப் பிடுங்கிவிட்டார்.

“அப்பா, ஒரு வரி—”

“இங்க அப்பா கிடையாது.”

ஆகஸ்ட் 20

இருபத்திரண்டு.

நூற்றுக்கு!

ஸ்யாமளா எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த காப்பியை ஆற்றிக்கொண்டே என்னைக் கொன்றாள். “மைனர் செய்யற ஒப்பந்தம் செல்லாதுன்னு ஒரு வரி. அதை எங்கேடி எழுதியிருக்கே? காட்டு.”

தேடினேன். மூன்று பக்கம். எங்கும் இல்லை. பையனின் ஏழைத் தாய் இருக்கிறாள், கேள்வியில் இல்லாத தாய், நானாகச் சேர்த்தவள்.

“இது பதில் இல்லை அற்புதம். பிரசங்கம். நீ எந்தப் பக்கம்னு மொதல் வரியிலேயே தீர்மானம் பண்ணிடறே. அப்புறம் சட்டம் எதுக்கு உனக்கு?”

இவளுக்கு என்ன தெரியும் கோர்ட்டைப் பற்றி? ஒருநாளாவது வந்து நின்றிருக்கிறாளா? பெரிய இவ. திருத்தச் சொன்னா திருத்தணும். பிரசங்கமாம்ல!

ஆகஸ்ட் 21

ராத்திரி எடுத்து மறுபடி வாசித்தேன். பிரசங்கம்தான்.

ஆகஸ்ட் 26

இரண்டாவது பரீட்சை. இருபத்தொன்பது. இந்தத் தடவை ஆறு கேள்வியையும் தொட்டுவிட்டேன். ஒரு கேள்விக்கு அரை மணிதான். முடியாவிட்டால் இடம் விட்டுத் தாண்டிவிட வேண்டும் என்பது சட்டம், எங்கள் சட்டம். மனசு வராது. வந்துதான் ஆக வேண்டும்.

வாரம் முழுக்க முழுப் புத்தகம் படிப்பதை நிறுத்திவிட்டேன். எழுத வராமல் திணறின இடத்தை மட்டும் போய்ப் பார்ப்பது, மூடிவைத்துவிட்டு எழுதிப் பார்ப்பது. மறுநாள் மறுபடி. கோடு கிடையாது. சிவப்பு மைப் புட்டியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன், அவன் நாய்க்குப் பொட்டு வைத்துவிட்டான்.

செப்டம்பர் 2

முப்பத்து மூன்று. விருமாண்டி அண்ணனுக்கு முப்பத்தைந்து! என்னைப் பார்த்து மீசையை முறுக்கினார். அடுத்த வாரம் இருக்கிறது.

செப்டம்பர் 5

பஸ்ஸில் இப்போது கேள்வி கேட்டுக்கொண்டே போவதுதான் வேலை. பின் சீட்டில் வாழைத்தார் வைத்திருந்த ஒரு அம்மா, “அந்த சைக்கிள் பையன் கேஸ் என்னாச்சு?” என்று கேட்டாள். இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். பையன் தப்பித்தான் என்றதும், “கடைக்காரன் பாவம்ல?” என்றாள். எனக்கு இதுவரை கடைக்காரனைப் பற்றித் தோன்றவே இல்லை.

செப்டம்பர் 9

முப்பத்தாறு. அண்ணனுக்கு முப்பத்து நாலு. மீசை இறங்கியது.

செப்டம்பர் 13, புதன்

பள்ளிக்கூடத்தில் ஃபாதர் மெனேசஸ் கூப்பிட்டு அனுப்பினார். போன வருஷம் கோவாவிலிருந்து வந்த கரெஸ்பாண்டெண்ட். இலக்கணப் புத்தகம் வைத்துத் தமிழ் கற்றவர். அவர் பேசினால் பாடப் புத்தகம் எழுந்து நடந்து வருவது போலிருக்கும்.

“அற்புதமேரி, நீங்கள் தட்டெழுத்தில் தேறியவர் என்று தந்தையார் சொன்னார். நமது அலுவலகத்துப் பணியாளர் இம்மாதமே விலகுகிறார். அக்டோபர் மூன்றாம் தேதி வந்து சேர்ந்தால் நன்றாக இருக்கும்.”

சம்பளம், லீவு, கிறிஸ்துமஸுக்குப் புடவை என்று எல்லாம் சொன்னார். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வீட்டில் போய் அப்பா மூலமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே கேட்டேன். இடைவேளை மணி அடித்து பிள்ளைகள் இரைச்சல் எழுந்தது. நானும் எழுந்து, “சரி ஃபாதர், வாரேன்” என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

“மிக்க மகிழ்ச்சி!” என்றார். எவ்வளவு நல்ல மனுஷர்.

செப்டம்பர் 15

ஐயோ.

அப்பா சாயங்காலம் அல்வாப் பொட்டலத்தோடு வந்தார். எதுக்குப்பா அல்வா என்றால், “கள்ளி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே” என்று என் தலையைத் தடவினார். ஃபாதர் ஆர்டரே அடிக்கச் சொல்லிவிட்டாராம். அக்டோபர் மூணாம் தேதி சேர வேண்டுமாம். நான் ‘சரி, வாரேன்’ என்று ஒத்துக்கொண்டேனாம்!

நான் போயிட்டு வாரேன்னுதானே சொன்னேன்! கிளம்புறப்ப வேற என்னத்தச் சொல்லுவாக? போறேன்னா சொல்லுவாக? பரீட்சை பன்னெண்டாம் தேதி. மூணாம் தேதி ஆபீஸ்ல உக்காந்தா காலேஜு அம்புட்டுத்தான். அம்மா மாதா படத்துக்கு முன்னால மெழுகுதிரி ஏத்திட்டா. அப்பா இப்படிச் சிரிச்சு நான் பாத்து எத்தன வருஷமாச்சு. நான் எப்படிச் சொல்றது? வாயில அல்வா. முழுங்கவும் முடியல.

செப்டம்பர் 16, சனி

பரீட்சைக்கு முன்னால், அப்பா மணி எடுக்க ஆபீஸுக்குப் போன நேரத்தில், அண்ணனிடமும், கேள்வித்தாள் கொண்டுவந்திருந்த ஸ்யாமளாவிடமும் சொல்லிவிட்டேன். ஸ்யாமளா வாயைப் பொத்திக்கொண்டாள். விருமாண்டி அண்ணன் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

“எங்க ஊரு மாட்டுச் சந்தையில பேரம் படிஞ்சாலும் ‘சரி வாரேன்’தான், படியலைன்னாலும் ‘சரி வாரேன்’தான். அந்த மனுசன் என்ன செய்வாரு, பாவம்!”

“சிரிக்காதீகண்ணே. நான் செத்துக்கிட்டு இருக்கேன்.”

“சாகாத. எழுது.” என் கேள்வித்தாளைத் திருப்பி, பின்பக்கம் அவரே ஒரு கேள்வி எழுதினார். ‘அ என்பவர் ஆ-விடம் ஒரு வேலையைச் சொல்லி, இன்ன தேதியில் வந்து சேரக் கேட்கிறார். ஆ, “சரி, வாரேன்” என்று சொல்லிப் போகிறார். ஏற்பு உண்டா? அ-வின் பக்கம் நின்று எழுதுக.’

“நான்தான் ஆ. ஆ பக்கம் எழுதுறேன்.”

“அது உனக்குத் தண்ணி பட்ட பாடு தாயி. மத்தப் பக்கம் எழுது.”

அதற்குள் அப்பா வந்துவிட்டார். மணி அடித்தது.

கடைசிக் கேள்வியாக அதை எழுதினேன். முதல் வரியிலேயே கோபம். ஆனால் அ-வின் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் — அவர் வேற்றூர்க்காரர். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். ‘சரி’ என்றேன். ‘வாரேன்’ என்றேன். ‘வந்து சேர்ந்தால் நன்றாக இருக்கும்’ என்று சொன்ன மனுஷரிடம்! மனசுக்குள் நான் என்ன நினைத்தேன் என்பதைச் சட்டம் எட்டிப் பார்க்காது. கேட்டவருக்கு நியாயமாக எப்படிப் புரியும் என்பதைத்தான் பார்க்கும். ஏற்பு முழுசாக, நிபந்தனை இல்லாமல் இருக்க வேண்டும். என்னுடையதில் என்ன நிபந்தனை இருந்தது? ஒன்றுமில்லை. அதை நம்பி அவர் காரியத்திலும் இறங்கிவிட்டார். ஆ-வுக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான் — இந்த ஊரில் அந்த வார்த்தை விடைபெறுவதற்கும் வழங்குகிறது. அதையும் எழுதினேன். எழுதி, அது போதுமா போதாதா என்றும் எழுதினேன்.

செப்டம்பர் 17

நாற்பத்து மூன்று! முதல் பாஸ்!

அந்தக் கடைசிக் கேள்விக்கு ஸ்யாமளா பக்கத்தில் ஒரு குறிப்பும் போட்டிருக்கிறாள்: ‘இதுவரை நீ எழுதினதிலே இதுதான் பதில்.’ வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேஸ் ஜெயித்திருக்கிறேன். எனக்கு எதிராக.

ஃபாதர் மேல் தப்பே இல்லை. நானே எழுதி நானே நிரூபித்துவிட்டேன். இனிமேல் அவரிடம் போய், நீங்கள்தான் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் என்று எந்த முகத்தோடு வாதாடுவது?

வாதாடப் போவதில்லை. நாளைக்குப் போய்ச் சொல்லப் போகிறேன்.

செப்டம்பர் 18, திங்கள்

எல்லாவற்றையும் சொன்னேன். ஃபாதர் மெனேசஸ் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“நீங்கள் ‘வாரேன்’ என்றீர்களே.”

“கிளம்பும்போது அப்படித்தான் ஃபாதர் சொல்லுவோம். ‘போறேன்’னா அம்மா அடிப்பாங்க.”

“உண்மையிலேயே வருவதாக இருந்தால்?”

“அப்பவும் வாரேன்தான்.”

“வரவே போவதில்லை என்றால்?”

“அதுக்கும்... வாரேன்தான் ஃபாதர்.”

ஜன்னல் வழியே கோயிலைப் பார்த்தார். “கோயில் கூரை ஒழுகுகிறது. கொத்தனார் மூன்று முறை ‘வாரேன்’ என்று சொன்னார். இப்போதுதான் எனக்குப் புரிகிறது.” சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு சிரிப்பை நிறுத்தினார். “உங்கள் சொல்லை நம்பி இன்னொரு பெண்ணிடம் இடமில்லை என்று சொல்லிவிட்டேன். மலையம்மாள். நமது பழைய மாணவி.”

இது என் விடைத்தாளில் இல்லை. எனக்குத் தோன்றவே இல்லை. அ, ஆ இருவரைத் தவிர இன்னொருத்தி.

“நானே போய்ச் சொல்றேன் ஃபாதர்,” என்றேன்.

செப்டம்பர் 19

ஜெய்ஹிந்துபுரத்தில் விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். மலையம்மாள் குழாயடியில் குடத்தோடு நின்றாள். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும்.

“நீதானா அந்த அற்புதமேரி? கிளார்க்கு மக?” தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். “வக்கீலுக்குப் படிக்கிறவளுக்கு எதுக்குடி டைப்படிக்கிற வேலை? நாலு நாளா எங்க வீட்டுல அடுப்பு மூஞ்சியப் பாக்கவே எனக்குப் பிடிக்கல, தெரியுமா?”

“தெரியாதுக்கா. தப்புதான். அந்த வேலை உங்களுக்குத்தான். ஃபாதர் வரச் சொன்னார்.”

“நெசமாத்தான் சொல்றியா? இல்ல நாளைக்கு வந்து வேற சொல்லுவியா?”

“நெசமா.”

“அப்ப நீயும் கூட வா. எம்முன்னாலயே அவர்ட்ட சொல்லு.” ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே கிளம்பிவிட்டாள். சட்டம் படிக்க வேண்டியவள் அவள்!

செப்டம்பர் 20

அப்பாவுக்கு ஃபாதரே சொல்லிவிட்டார். அப்பா கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

“கைக்கு வந்த வேலை. அக்டோபர்ல விழுந்தா இனிமே அதுவும் இல்ல, காலேஜும் இல்ல. வீட்டுல இருக்க வேண்டியதுதான். தெரிஞ்சுதான் செஞ்சியா?”

“தெரிஞ்சுதான்பா.”

அதற்கப்புறம் பேசவில்லை. அம்மா அல்வாத் தட்டை எடுத்துக் கழுவினாள்.

முப்பத்தொன்று வாங்கினவள் நான். எந்த தைரியத்தில் செய்தேன்? ஒரே ஒரு நாற்பத்து மூன்றை வைத்துக்கொண்டா?

செப்டம்பர் 23, சனி

அப்பா வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். விருமாண்டி அண்ணன் சாவி கேட்கவே பயந்தார். சரியான நேரத்துக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு அப்பா வந்து நின்றார். வீட்டில் மூன்று நாளாக ஒரு வார்த்தை கிடையாது. இங்கே மட்டும், “எழுத ஆரம்பிக்கலாம்”, “பாதி நேரம் முடிஞ்சிருச்சு”, “கடைசிப் பத்து நிமிஷம்” — மூன்றும் என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து.

எனக்கு அந்த மூன்றும் போதும்.

முப்பத்தெட்டு. இறங்கிவிட்டது. மறுபயன் — ஒப்பந்தத்தில் ஒருவர் வாங்கினதற்குப் பதிலாகக் கொடுப்பது — பற்றின கேள்வி மொத்தமாகக் காலி. அழுகை வந்தது. ஸ்யாமளா, “அழு. அழுதுட்டு அந்தப் பாகத்தை மூடி வச்சுண்டு மூணு தரம் எழுதிக் காட்டு” என்றாள். இரக்கமே இல்லாதவள். நல்லவள்.

செப்டம்பர் 29

புதுப் பாப்பரசரும் இறந்துவிட்டாராம். போன மாசம்தானே வந்தார்! அம்மா நம்பவே மாட்டேன் என்கிறாள், ரேடியோக்காரன் பழைய செய்தியை வாசிக்கிறான் என்கிறாள். அப்பா வாசலில் நின்று பேப்பரைப் படித்துக் காட்டினார். அம்மாவுக்குத்தான், எனக்கில்லை.

செப்டம்பர் 30

நாற்பத்தாறு! மறுபயன் வந்தது! தானாக, கையை விட்டுத் தானாக ஓடியது! அண்ணனுக்கு நாற்பது, கச்சிதமாக.

அக்டோபர் 7

கடைசி மாதிரிப் பரீட்சை. நாற்பத்தெட்டு. இரண்டு பக்கத்தையும் எழுதாமல் முடிவு எழுத இப்போது கையே வருவதில்லை. கோர்ட்டுக்குப் போய் ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறது என்பது இன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. பாகீரதி அம்மா மன்னிக்கட்டும்.

அக்டோபர் 12, வியாழன்

காலையில் செருப்பு மாட்டும்போது அப்பா வந்து என் பேனாவை வாங்கினார். மூடியைத் திறந்து, வெளிச்சத்தில் பிடித்து மை இருக்கிறதா என்று பார்த்து, காகிதத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

“முதல்ல கேள்விய முழுசா வாசி. அப்புறம் எழுது.”

மூன்று வாரத்துக்குப் பிறகு! “சரிப்பா” என்று மட்டும் சொன்னேன். வேறு எதுவும் சொல்ல பயம்.

கேள்வித்தாள் வந்தது. முதலில் முழுசாக வாசித்தேன். ஒன்பதாவது சனிக்கிழமைப் பரீட்சை எழுதுகிற மாதிரியேதான் இருந்தது. தெரியாத கேள்வி ஒன்றும் இருந்தது, தாண்டிப் போனேன், கடைசியில் வந்து தெரிந்த மட்டும் எழுதினேன். ஹாலில் யாரோ ஒருத்தன் முதல் கேள்வியையே முடிக்காமல் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தான். பாவம்.

அக்டோபர் 17

மறுபடி புதுப் பாப்பரசர். போலந்துக்காரராம். அம்மா இந்தத் தடவை ஆயுசு வேண்டி மூன்று மெழுகுதிரி ஏற்றினாள். எனக்கும் சேர்த்து ஒன்று ஏற்றச் சொன்னேன்.

நவம்பர் 21

இன்னும் ரிசல்ட் வரவில்லை. அப்பா தினமும், “போர்டு பாத்தியா?” என்று கேட்கிறார். என்ன வர வேண்டும் என்று நினைக்கிறார், தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

டிசம்பர் 9, சனி

போர்டில் ஒரே கூட்டம். விருமாண்டி அண்ணன் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே புகுந்து, வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“அண்ணே, சொல்லுங்கண்ணே!”

“நான் நாப்பத்தொன்னு. ஒரு மார்க்கு வேஸ்ட்டு.”

“நான்?”

“நீ அம்பத்திரண்டு. பன்னெண்டு வேஸ்ட்டு!”

அங்கேயே குதித்தேன். யார் பார்த்தால் என்ன! ஸ்யாமளா, “எனக்குக் கிடைச்சதைவிட ஆறுதான் கம்மி” என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள், முகம் கொஞ்சம் கவலையாகக்கூட இருந்தது.

நேராகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். மலையம்மாள் அக்கா மிஷினில் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தாள், என்னைவிட இரண்டு மடங்கு வேகம். அப்பா ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“பாஸ்பா.”

“எம்புட்டு?”

சொன்னேன். ஃபைலை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். “அடுத்து என்ன பேப்பரு?”

“சாட்சியச் சட்டம்.”

“சனிக்கிழமை எந்த ரூமு வேணும்னு முன்கூட்டியே சொல்லிரு. கடைசி நேரத்துல வந்து நிக்காத.”

1979 ஜனவரி 6, சனி

சாட்சியச் சட்டம். புத்தகம் இன்னும் வாங்கவில்லை. வகுப்பு இரண்டே இரண்டுதான் நடந்திருக்கிறது. இருந்தாலும் பழைய கேள்வித்தாள் ஒன்றை எடுத்து மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டோம். இந்தத் தடவை ஸ்யாமளாவும் சேர்ந்து எழுதினாள், தாளை மாற்றி மாற்றித் திருத்திக்கொண்டோம்.

அவளுக்கு முப்பத்து நாலு. பிறந்ததிலிருந்து அந்த மாதிரி ஒரு எண்ணைப் பார்த்திருக்க மாட்டாள். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. எனக்குப் பத்தொன்பது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

“என்னடி சிரிப்பு? பத்தொம்பதுடி!”

“நல்ல மார்க்டி. மீதி எண்பத்தொன்னும் எங்க கிடக்குன்னு தெரிஞ்சுபோச்சுல்ல.”

திங்கட்கிழமை போய்ப் புத்தகம் வாங்க வேண்டும்.